ஊர்ப்பலகையில் இல்லாத பெயர்கள்

பஞ்சாப் முதல் தமிழகம் வரை இந்தியாவின் பல ஊர்களில், பழைய பள்ளிச் சுவரிலோ சாவடியின் முகப்பிலோ, சிறிய சலவைக்கல் பலகை ஒன்று இன்றும் காணக் கிடைக்கிறது. அதன் வாசகம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்குச் சென்றனர். அவர்களுள் இத்தனை பேர் தம் உயிரை ஈந்தனர். ஊருக்கு ஊர் மாறுபவை ஊரின் பெயரும் அந்த இரண்டு எண்களும் மட்டுமே. அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தில் கோடிட்ட இடங்களை நிரப்புவதுபோல் அப்பலகைகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. சென்றவர் யார், திரும்பாதவர் யார், எவருடைய மகன், எந்தத் தெரு என்ற எதையும் கல் சொல்வதில்லை.

நூறு வீடுகள்கொண்ட ஊரில் இந்த மௌனம் விந்தையானது. பலகை பதிக்கப்பட்ட நாளில் அந்த எண்களுக்குப் பின்னிருந்த ஒவ்வொருவரையும் ஊரார் அறிந்திருப்பர். தாய்மார் உயிரோடிருந்திருப்பர். கல்லில் எழுத வேண்டிய தேவை இல்லாத அளவுக்குப் பெயர்கள் ஊரின் நாவில் இருந்த காலம் அது. அந்தத் தலைமுறை மறைந்தபின் எஞ்சியது எண். முதல் உலகப் போர் குறித்து ஆய்வு செய்பவர் எவரும் முதலில் சந்திப்பது இத்தகைய எண்களைத்தான். அவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் செல்வது எளிது. சற்று நின்று, ஏன் எண் மட்டும் எஞ்சியது என்று கேட்பவருக்கு அப்போரின் வரலாறே வேறொரு பக்கத்திலிருந்து திறக்கிறது.

அப்போர் தொழிற்சாலைகளின் போர். அதற்கு முந்தைய போர்களிலும் பெயரற்றுப் புதைக்கப்பட்ட வீரர்கள் உண்டு. பெருங்குழிகளில் சாதாரணச் சிப்பாய்களை ஒன்றாக மூடிவிடுவது ஐரோப்பாவில் நெடுநாளைய வழக்கம். ஆயினும் 1914-க்குப் பிறகு உடலே அடையாளமற்றுப் போகும் நிலை ஒரு பேரளவிலான உற்பத்தியின் விளைவாக நேர்ந்தது. மேற்குப் போர்முனையில் மிகுதியான உயிர்களைப் பறித்தது துப்பாக்கியோ துப்பாக்கிமுனை ஈட்டியோ அன்று, பீரங்கி. 1916 ஜூன் இறுதியில் சோம் ஆற்றங்கரைத் தாக்குதலுக்கு முன்னோடியாக ஒரு வார காலம் பிரித்தானியப் பீரங்கிகள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. ஜூலை 1 அன்று காலாட்படை முன்னேறியபோது ஒரே நாளில் 57,470 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர்; அவர்களுள் இறந்தோர் 19,240 பேர். அதே ஆண்டில் வெர்தன் களத்தில் பத்து மாதங்கள் நீடித்த பீரங்கிப் போர் நிலத்தையே உழுது புரட்டியது. அங்குள்ள தூஓமோன் எலும்பு மண்டபத்தில் ஏறத்தாழ 1,30,000 வீரர்களின் எலும்புகள், பிரெஞ்சுக்காரர் எவர், செருமானியர் எவர் என்று பிரித்தறிய இயலாதவாறு ஒன்றாகக் கிடக்கின்றன. உயிரோடு இருந்தபோது எதிரெதிர் நின்றவர்கள் அவர்கள்.

உடலுக்கும் பெயருக்குமான பிணைப்பு எவ்வளவு மெல்லியதாகிவிட்டது என்பதை ஒரு சிறு பொருள் காட்டுகிறது. போரின் தொடக்கத்தில் பிரித்தானியச் சிப்பாயின் கழுத்தில் ஒரேயோர் அடையாள வில்லை தொங்கியது. அவன் இறந்தால் கணக்குக்காக அதைக் கழற்றி அலுவலகத்துக்கு அனுப்பினர். ஏடு நிரம்பியது, களத்தில் கிடந்த உடல் பெயரிழந்தது. பின்னர் புதைக்க வந்தவர்களுக்கு அது யார் என்று தெரியவில்லை. 1916-இல்தான் இரண்டு வில்லைகள் வழங்கும் முறை வந்தது: ஒன்று கணக்குக்கு, மற்றது உடலோடு தங்குவதற்கு. கணக்குக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டுகளும் எண்ணற்ற உடல்களும் தேவைப்பட்டன.

பெயரழிப்பு களத்தோடு நிற்கவில்லை. குண்டுகள் வெடித்த இடத்தில் மட்டுமின்றி அவை நிரப்பப்பட்ட இடத்திலும் அது நிகழ்ந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் அருகே சில்வெல் என்னுமிடத்தில் இருந்த குண்டு நிரப்பும் ஆலையில் 1918 ஜூலை 1 அன்று பெருவெடிப்பு ஏற்பட்டு 134 தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களுள் 32 பேரின் உடல்களை மட்டுமே அடையாளம் காண முடிந்தது. ஏனையோர் ஒன்றாகப் புதைக்கப்பட்டனர். சோம் தாக்குதல் தொடங்கிய நாளுக்குச் சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, குண்டை எறிந்தவருக்கும் எறியப்பட்டவருக்கும் நேர்ந்தது குண்டைச் செய்தவருக்கும் நேர்ந்தது.

இத்தகைய அழிவுக்கு நடுவேதான் புதியதொரு எண்ணம் பிறந்தது. 1917 மே மாதத்தில் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அரச சாசனத்தால் நிறுவப்பட்டது. அதன் பின்னணியில் உழைத்தவர் ஃபேபியன் வேர். ஆணையம் வகுத்த நெறி அக்காலத்துக்கு வியப்பூட்டுவது: இறந்தவர் ஒவ்வொருவருக்கும் பெயரோடு நினைவுச்சின்னம் வேண்டும்; அதிகாரி, சிப்பாய் என்ற வேற்றுமை கூடாது; செல்வர் வீட்டு மகனுக்கு உயர்ந்த கல்லும் ஏழை மகனுக்குத் தாழ்ந்த கல்லும் கூடாது; இனமோ சமயமோ நடத்தையில் வேறுபாட்டுக்குக் காரணமாகக் கூடாது. உடலை ஊருக்குக் கொண்டுசெல்ல எவருக்கும் அனுமதி இல்லை, செல்வாக்கு உடையவர்க்கும் இல்லை. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் இந்த ஆணையத்தின் இலக்கிய ஆலோசகராக இருந்தார். அவருடைய ஒரே மகன் 1915-இல் லூஸ் போர்க்களத்தில் காணாமல் போனவன். கல்லறைகளுக்கான வாசகங்களைத் தேர்ந்தவரின் வீட்டிலேயே புதைக்க ஓர் உடல் இல்லை.

உடல் கிடைக்காதவர்களுக்குச் சுவரில் பெயர் என்பது ஆணையம் கண்ட வழி. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலுள்ள மெனின் வாயிலில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பிரான்சின் தியெப்வாலில் உள்ள நினைவு வளைவில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. தியெப்வால் வளைவை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். தில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் அவரே. 1931 பிப்ரவரியில் இந்தியா கேட்டும் 1932 ஆகஸ்டில் தியெப்வாலும் திறக்கப்பட்டன. ஒரே மனிதரின் கையிலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே போருக்காக எழுந்த இரண்டு வளைவுகள் அவை.

இந்தியா கேட்டின் மாலை வெளிச்சத்தில் குழந்தைகளோடு வந்து செல்பவர்களுள் பெரும்பாலோர் அதன் உடலெங்கும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும், போரில் இறந்த இந்தியர் அனைவரின் பெயர்களும் அங்கு இருப்பதாகவே எண்ணித் திரும்புகின்றனர். அப்போரில் இறந்த இந்தியப் படையினர் 70,000-க்கும் மேற்பட்டோர். வளைவில் உள்ளவை 13,000-க்குச் சற்று மேற்பட்ட பெயர்கள். அவற்றுள் பெரும்பகுதி வடமேற்கு எல்லையிலும் 1919-ஆம் ஆண்டின் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்தோருடையவை. பிரான்சிலும் மெசபடோமியாவிலும் கிழக்காப்பிரிக்காவிலும் மாண்டவர்கள் அந்தந்த நிலத்தில் நினைவுகூரப்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. அந்த ஏற்பாடு எவ்வாறு நிறைவேறியது என்று தேடிச் செல்பவரே சிக்கலின் மையத்தை அடைகிறார்.

பிரான்சில் அது நேர்மையாகவே நிறைவேறியது. நவ் ஷாப்பெல் என்னும் சிற்றூரில் 1915 மார்ச் மாதத்தில் நடந்த தாக்குதலில் இந்தியப் படையணி பெரும்பங்கு வகித்தது. அவ்வூரில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இந்திய நினைவகம் 1927-இல் திறக்கப்பட்டது. வட்டமான சுற்றுச்சுவர், அசோகர் தூணை நினைவூட்டும் நெடிய தூண், காவலிருக்கும் கற்புலிகள். கல்லறை அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கு உள்ளன. சிப்பாய், சவாரி, நாயக், ஹவில்தார், சுபேதார் என எல்லாத் தரத்தினரும் பெயரோடு இருக்கின்றனர்.

மெசபடோமியாவில் நிலை வேறு. 1929-இல் பாஸ்ரா நகரருகே திறக்கப்பட்ட நினைவகம், இன்றைய இராக்கில் இறந்து கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்கானது. அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் இந்தியர். அங்குள்ள சுவர்களில் பிரித்தானியச் சிப்பாய்களின் பெயர்கள் உள்ளன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உள்ளன. இந்தியச் சிப்பாய்களுக்கு வந்தபோது படைப்பிரிவின் பெயரும், அதனடியில் இத்தனை பேர் என்ற எண்ணும் மட்டும் பொறிக்கப்பட்டன. ஊர்ப்பலகையின் அதே இலக்கணம்.

இதன் கூர்மையை உணர ஒரு படைப்பிரிவைப் பின்தொடர்ந்தால் போதும். 47-ஆவது சீக்கியப் படைப்பிரிவு 1914 அக்டோபரில் நவ் ஷாப்பெல் ஊருக்குள் புகுந்து தெருத்தெருவாகப் போரிட்டுப் பேரிழப்பைச் சந்தித்தது. 1915 இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்சிலிருந்து விலக்கப்பட்டபோது அப்பிரிவும் மெசபடோமியாவுக்குச் சென்றது. குட் நகரில் முற்றுகையிடப்பட்டிருந்த படையை மீட்க 1916-இன் முதல் மாதங்களில் நடந்த போர்களில் லாகூர், மீரட் படையணிகள் திரும்பத் திரும்ப ஏவப்பட்டன. முயற்சி பலிக்கவில்லை, ஏப்ரல் 29 அன்று குட் வீழ்ந்து ஏறத்தாழ 13,000 பேர் சிறைப்பட்டனர். ஒரே ஊரில் பிறந்து, ஒரே நாளில் படையில் சேர்ந்து, ஒரே தட்டில் உண்ட இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவன் பிரான்சின் சேற்றில் இறந்தான். அவனுக்குப் பெயர் கிடைத்தது. மற்றவன் பதினெட்டு மாதங்கள் கழித்து டைகிரிஸ் கரையில் இறந்தான். அவன் ஓர் எண்ணின் கடைசி இலக்கத்துக்குள் அடங்கினான். அவர்களுள் எவரும் மாறவில்லை. மாறியது பார்ப்பவர் யார் என்பது. பிரான்சின் சுவர் ஐரோப்பியரின் கண்முன் நின்றது. பாஸ்ராவின் சுவர் அவ்வாறு நிற்கவில்லை.

கிழக்காப்பிரிக்காவில் எண்ணும் கிடைக்கவில்லை. 1914 நவம்பரில் டாங்கா துறைமுகத்தில் நிகழ்ந்த தோல்வியோடு அங்கே போர் தொடங்கியது. அதில் பங்கேற்ற இந்தியப் பிரிவுகளுள் 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று. சாலையும் இரயிலும் இல்லாத, சுமைவிலங்குகள் நோயால் மடியும் நிலத்தில் அப்போர் நான்கு ஆண்டுகள் நீண்டது. உணவும் குண்டும் மனிதத் தலைகளின்மேல் சென்றன. பிரித்தானியத் தரப்பில் மட்டும் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர் சுமைதூக்கிகளாக இழுக்கப்பட்டனர். நோயிலும் பசியிலும் களைப்பிலும் இறந்தோர் பல பத்தாயிரம் பேர். அவர்களுக்குக் கல்லறைகளும் இல்லை, பெயர்ச்சுவர்களும் இல்லை. நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் நகரங்களில் வெண்கலச் சிலைகள் எழுப்பப்பட்டன. அவற்றுக்கான வாசகத்தை எழுதியவர் கிப்ளிங். நாட்டுக்காகப் போரிட்டு மடிந்தாலும் உன் பெயரை உன் மைந்தர் நினைவிற்கொள்வர் என்பது அவ்வாசகத்தின் முடிவு. ஒரு பெயரும் பொறிக்கப்படாத பீடத்தின்மேல் அவ்வுறுதி பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனாலும் மொழி சிலவற்றைக் கைவிடுவதில்லை. சுமைதூக்கிகளின் படைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய கேரியர் கோர் என்ற பெயர் ஆப்பிரிக்க நாவில் திரிந்து, நைரோபியில் கரியோகோர் என்றும் தார் எஸ் சலாமில் கரியாகூ என்றும் சந்தைப் பகுதிகளின் பெயராயிற்று. இன்று அச்சந்தைகளில் காய்கறி வாங்குவோர் தம்மை அறியாமலே ஒரு படையின் பெயரை உச்சரிக்கின்றனர். தமிழிலும் இதற்கோர் இணை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த செருமானியக் கப்பலின் பெயர் எம்டன். கில்லாடியையும் கெடுபிடிக்காரரையும் குறிக்க இன்றும் அச்சொல் வீடுகளில் புழங்குகிறது. சுட்ட கப்பலின் பெயர் தமிழுக்குள் வந்து குடியேறிவிட்டது. அப்போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சென்று திரும்பாதவர்களின் பெயர்களுக்கு அந்த வாய்ப்புக்கூட அமையவில்லை.

சென்றவர் அனைவரும் போர்வீரர் அல்லர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். போர்க்காலத்தில் இந்தியாவில் திரட்டப்பட்ட ஏறத்தாழ 14 லட்சம் பேருள் 5,60,000-க்கும் மேற்பட்டோர் படைக்கலம் ஏந்தாதவர்கள்: கழுதை ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், துணி வெளுத்தவர், கழிவு அகற்றியவர், தண்டவாளம் பதித்தவர், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். சிறைகளிலிருந்து கைதிகளைத் திரட்டி மெசபடோமியாவுக்கு அனுப்பிய தொழிலாளர் அணிகளும் இருந்தன. 1917-இல் மணிப்பூரிலிருந்தும் நாகா, லுஷாய் மலைகளிலிருந்தும் பிரான்சுக்கு ஆள் திரட்டியபோது, குக்கி மக்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து 1919 வரை போரிட்டனர். அவர்களைப் பொறுத்தவரை உலகப் போர் என்பது பிரான்சுக்குப் போக மறுத்த காரணத்தால் தம் மலைக்கு வந்த போர். இத்தொழிலாளர்களின் வரலாற்றை ராதிகா சிங்கா போன்ற ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில்தான் விரிவாக எழுதத் தொடங்கினர்.

சீனாவின் வடபகுதியிலிருந்து பிரித்தானியா திரட்டிய ஏறத்தாழ 95,000 தொழிலாளர்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. பதிவின்போது ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் எண் பொறித்த பித்தளைக் காப்பு கழற்ற இயலாதவாறு பூட்டப்பட்டது. கூலி வழங்கியதும் தண்டித்ததும் புதைத்ததும் அந்த எண்ணை வைத்தே. பொருளுக்கு வரிசை எண் இடுவது ஆலையின் வழக்கம். ஆலைகளால் நடத்தப்பட்ட போர் அவ்வழக்கத்தை மனிதனுக்கும் நீட்டித்தது.

இவையெல்லாம் தற்செயலான பிழைகள் என்று நெடுங்காலம் கருத இடமிருந்தது. பெயர்கள் கிடைக்கவில்லை, ஏடுகள் அழிந்துவிட்டன, தொலைவு அதிகம் என்பன வழக்கமான விளக்கங்கள். இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என வழங்கும் அதே அமைப்பு 2021 ஏப்ரலில் தன் சொந்த வரலாற்றை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. காரணமாக இனப்பாகுபாட்டையும் வெளிப்படையாகவே சுட்டியது. தங்கக் கடற்கரை என்று அன்று வழங்கிய கானாவின் ஆளுநராக இருந்த குகிஸ்பர்க், 1923-இல் தம் ஆட்சிப்பகுதி மக்களுக்குக் கல்லறைக்கல்லின் அருமை புரியாது என்று கூறியது அவ்வறிக்கையில் இடம்பெற்றது. ஆணையம் மன்னிப்புக் கோரியது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்திலும் மன்னிப்புக் கோரினார்.

மேல்நிலைக் குறிப்புகளைக் கடந்து தமிழ் மாணவர் ஒருவர் அந்த ஆளுநரின் கூற்றை வாசிக்கும்போது அவர் மனம் இயல்பாகவே நடுகல்லின்பால் செல்லும். வீரனுக்குக் கல் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரையிலான படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. செங்கம் பகுதி நடுகற்கள், இறந்தவன் பெயரையும் அவன் யாருடைய சேவகன் என்பதையும் எந்த ஊரில் எதற்காக மடிந்தான் என்பதையும் சொல்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனின் உருவத்தருகே ஒரு நாயின் உருவமும், கோவிவன் என்ற அதன் பெயரும், கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் தன் நாயின் பெயரைக் கல்லில் நிறுத்தியது. நடுகல் மரபும் எல்லோருக்கும் கிடைத்த பேறு அன்று. அதற்கும் தேர்வும் தரமும் இருந்தன. ஆயினும் கல்லில் பெயர் எழுதுவதன் பொருள் இந்நிலத்து மக்களுக்குப் புரியாது என்று எவராலும் சொல்ல இயலாது. இந்தியச் சிப்பாயை எண்ணாக்கியவர்கள் பெயரின் மதிப்பு அறியாதவர்களிடையே அதைச் செய்யவில்லை.

பெயர்கள் கிடைக்கவில்லை என்ற விளக்கமும் முழுவதும் நிலைக்கவில்லை. போருக்குப் பின் பஞ்சாப் அரசு ஊர்வாரியாக, படைக்குச் சென்றோரின் பதிவேடுகளைத் தொகுத்தது. ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்கள்கொண்ட அப்பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் எவரும் பயன்படுத்தாமல் கிடந்தன. பிரித்தானியாவில் உள்ள பஞ்சாப் மரபுரிமைச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் இணைந்து அவற்றை எண்ணிமப்படுத்தி 2021 நவம்பர் முதல் வெளியிடத் தொடங்கின. ஊர், தந்தை பெயர், படைப்பிரிவு, தரம் எல்லாம் அவற்றில் உள்ளன. தம் கொள்ளுத்தாத்தா இராக்கில் போரிட்டுக் காயமுற்றதை அப்பதிவேட்டின் வழியே முதன்முறையாக அறிந்துகொண்டவர்களுள் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் உண்டு. சுவரில் எழுதப்படாத பெயர்கள் ஏட்டில் எழுதப்பட்டே இருந்தன. கேட்டவர் இல்லை.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், காயமுற்று வந்து மருத்துவமனையில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் நகருக்கு வெளியே குன்றின்மேல் எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் 1921-இல் வெண்பளிங்குச் சத்திரி எழுப்பப்பட்டது. அழகிய கட்டடம் அது. அதில் பெயர்கள் இல்லை. 2010-இல்தான் அதனருகே 53 பெயர்களையும் தாங்கிய கல் நிறுத்தப்பட்டது. அதற்கு எண்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. ஐம்பத்துமூன்று பெயர்களைக் கண்டுபிடிப்பது அத்தனை கடினமான பணி என்று எவரும் நம்பப்போவதில்லை.

அம்மருத்துவமனைகளிலிருந்தும் பதுங்குகுழிகளிலிருந்தும் இந்தியர் எழுதிய, எழுதுவித்த கடிதங்கள் பல, இன்று தணிக்கை அலுவலகத்தார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பாகவே எஞ்சியிருக்கின்றன. சிப்பாய் சொல்ல, எழுத்தறிந்தவன் எழுத, தணிக்கையாளர் படித்து மொழிபெயர்க்க, அதில் ஒரு பகுதி அறிக்கையில் சேர, ஆய்வாளரை வந்தடைவது நான்காம் கை. மூலக் கடிதங்கள் ஊர்களுக்குச் சென்று, கரையானுக்கும் மழைக்கும் அடுப்புக்கும் இரையாயின. வேவு பார்த்தவரின் கோப்பே வரலாற்றின் கருவூலமாகிவிட்ட முரணை அறிந்துகொண்டேதான் ஆய்வாளர் அதைத் திறக்க வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் கேள்வி ஆணையத்தையும் ஆளுநரையும் விட்டு ஆய்வு மேசைக்கே வந்து சேர்கிறது. ஆய்வேட்டின் முதல் இயலில் ‘இப்போரில் 74,000 இந்தியர் இறந்தனர்’ என்று எழுதி, அடிக்குறிப்பிட்டு, அடுத்த பத்திக்குச் செல்லும் கை பாஸ்ராவின் சுவரில் எழுதிய கையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? எண் இன்றி வரலாறு இல்லை என்பது உண்மையே. 19,240 என்ற எண்தான் சோமின் முதல் நாளை உலகுக்கு உணர்த்தியது. 3,50,000 என்ற எண்தான் ஓர் ஆணையத்தைத் தலைகுனிய வைத்தது. எண்ணைப் பழிப்பது எளிது, அது நேர்மையும் அன்று. ஆயினும் எண் ஒரு வினாவின் தொடக்கமாக இருக்கும்போது மட்டுமே அது ஆய்வு. விடையாகிவிட்டால் அது பலகை.

இதைச் செயலாக்குவது பெரிய நிதியோ பெரிய நிறுவனமோ வேண்டும் பணி அன்று. ஊர்ப்பலகை உள்ள ஊரில் பிறந்த மாணவர் ஒருவர் விடுமுறையில் அப்பலகையைப் படமெடுக்கலாம். ஊரின் மூத்தவர்களிடம், பட்டாளத்துக்காரர் வீடு என்று இன்றும் அழைக்கப்படும் வீடு எது என்று கேட்கலாம். பழைய பெட்டியில் கிடக்கும் பதக்கத்தின் விளிம்பைத் துடைத்துப் பார்க்கலாம். அப்போருக்கு வழங்கிய பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் தரமும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். பேரரசு சுவரில் எழுத மறுத்த பெயரை வெள்ளி விளிம்பில் எழுதி, வீட்டுக்கே அனுப்பியிருந்தது. பல வீடுகளில் அது வறுமையில் உருக்கப்பட்டது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

பலகையிலுள்ள இரண்டு எண்களுள் இரண்டாவது பெரும்பாலும் சிறியது. ஆறு, ஒன்பது, பதினான்கு என்ற அளவில் இருக்கும். உலகப் போரின் கோடிக்கணக்குக்கு முன் அது ஒன்றுமில்லை. ஆனால் ஆறு பெயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒருவரால் இயலும் காரியம். அந்த ஆறும் கிடைத்துவிட்டால் அவ்வூரில் அப்போர் அன்றுதான் முடிவுக்கு வரும்.